மூச்சு விடாத சாட்சி

ஞாயிற்றுக்கிழமை வந்தால் எங்கள் ஆபீஸ் பூட்டுக்கு வாதம் வந்துவிடும். திங்கள் முதல் சனி வரை சமர்த்தாகத் திறக்கிற பூட்டு, ஞாயிறு காலையில் மட்டும் முறைத்துக்கொண்டு நிற்கும். சாவியை உள்ளேயே விடாது. மாடியில் குடியிருக்கும் மேடம் எனக்குப் போன் செய்வார். நான் இரண்டு பஸ் மாறி வந்து திறந்துவிடுவேன். ஆறு மாதமாக இதுதான் நடைமுறை.

மேடம் என்றால் துப்பறிவாளர். ஊரில் அவருக்குப் பூதக்கண்ணாடி என்று பெயர், ஆனால் முகத்துக்கு நேராகச் சொல்ல யாருக்கும் தைரியம் கிடையாது. நாற்பத்தைந்து வயது, ஒண்டிக்கட்டை. நான் அவருடைய உதவியாளன். முப்பது வருஷம் பூட்டு ரிப்பேர் செய்தவன் என்பதால் எனக்குப் பெயர் சாவி. என் மனைவி போய் இரண்டு வருஷம் ஆகிறது. எனக்கு வாய் நீளம் என்று ஒரு புகார் உண்டு. வீட்டில் பேச ஆள் இல்லாதவன் வெளியில் கொஞ்சம் அதிகமாகத்தான் பேசுவான், அதற்கு என்ன செய்வது?

"என்ன சாவி, இந்த வாரம் என்ன வியாதி?" என்று மேடம் படியில் நின்று கேட்டார்.

"வயசாயிடுச்சு மேடம். பூட்டைச் சொன்னேன்."

கொக்கிக் கம்பியை விட்டு ஒரு நெம்பு நெம்பினேன். உள்ளேயிருந்து விழுந்த குப்பையை எடுத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டேன்.

"குப்பையை எதுக்குப் பையில போடறீங்க?"

"ரோட்டுல போட்டா ஊர் அசிங்கமாயிடும் மேடம்."

மேடம் மூக்குக்கண்ணாடியை மேலே தள்ளிக்கொண்டார்.

அதற்குள் எங்களிடம் கேஸ் கொடுத்திருந்த கட்சிக்காரி வந்துவிட்டாள். முப்பது வயது நர்ஸ். டியூட்டி முடிந்து தூங்காமல் நேராக வந்திருந்தாள். அவளுடைய அப்பா குன்றின் மேலிருக்கும் குடிநீர்த் தொட்டிக்குக் காவல்காரர். பத்தொன்பது வருஷமாகத் தனி ஆளாக அங்கேயே தங்கி, தொட்டியில் எவ்வளவு தண்ணீர் இருக்கிறது என்று தினமும் நோட்டில் எழுதி வைப்பதுதான் வேலை. கடந்த ஏழு மாதத்தில் ஐந்து தடவை தொட்டியிலிருந்து தண்ணீர் காணாமல் போயிருக்கிறது. ஒவ்வொரு தடவையும் பத்துப் பதினைந்து லாரி நிரம்பும் அளவு. யாருக்கோ திருட்டுத்தனமாகத் திறந்துவிட்டார் என்பது குற்றச்சாட்டு. நாளை காலை பத்து மணிக்குள் பதில் சொல்லாவிட்டால் வேலை போகும், போலீஸ் வரும்.

"அப்பா என்ன சொல்றார்?" மேடம் கேட்டார்.

"ஒண்ணுமே சொல்ல மாட்டேங்கறார் மேடம். எடுத்தேன்னும் சொல்லலை, எடுக்கலைன்னும் சொல்லலை. ரொம்ப அழுத்தம். அம்மா இருக்கறப்பவே அப்படித்தான்." அவள் கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள். "எடுத்திருப்பாரோன்னு எனக்கே சந்தேகம் வந்துடுச்சு. பெத்த அப்பாவைப் பத்தி இப்படி நினைக்கறோமேன்னு தூக்கம் வரலை."

மேடம் நோட்டின் நகலைப் புரட்டினார். அதை மூன்று நாளாகப் புரட்டிக்கொண்டிருக்கிறார்.

"சாவி, இதுல ஒரு வேடிக்கை இருக்கு. தண்ணி குறையுது. ரெண்டு நாள் கழிச்சு அதே அளவு ஏறிடுது. பம்பு ஓடவே இல்லை."

"திருடினதைத் திருப்பி வெச்சுட்டுப் போறானா? நல்ல குடும்பத்துப் பிள்ளை போலிருக்கு."

"பெரியவர் ரகசியமா பம்ப் போட்டுச் சரிக்கட்டறார்னு குடிநீர் ஆபீஸ் இன்ஜினியர் சொல்றார். எனக்கென்னவோ ஒட்டலை. அந்த அஞ்சு தேதி பேப்பரையும் எடுத்தீங்களா?"

எடுத்திருந்தேன். பழைய பேப்பர் கட்டிலிருந்து ஐந்தையும் உருவி மேஜையில் பரப்பினேன். திருட்டுச் செய்தி ஏதாவது இருக்கிறதா என்று பார்த்துப் பார்த்துக் கண் பூத்ததுதான் மிச்சம்.

"ஒண்ணும் இல்லை மேடம். மழை, மரம் விழுந்துச்சு, மழை, பள்ளிக்கூடம் லீவு, மழை. மழை கொட்டற நாளாப் பார்த்துத் தண்ணி திருடறவன் உலகத்துலேயே இவன் ஒருத்தன்தான்."

மேடம் நிமிர்ந்தார். "தலைப்பை மட்டும் படிங்க."

"காற்றழுத்தத் தாழ்வு, கனமழை."

"அடுத்தது?"

"காற்றழுத்தத் தாழ்வு மண்டலம்." மூன்றாவதைப் பார்த்தேன். நான்காவதைப் பார்த்தேன். ஐந்திலும் அதே வார்த்தை.

"தொட்டியில தண்ணி எவ்வளவு இருக்குன்னு அவர் எட்டிப் பார்த்தா எழுதறார்?"

"இல்லை மேடம்," என்றாள் மகள். "அடியில ஒரு சென்சார் கிடக்கு. தண்ணியோட அழுத்தத்தை வெச்சு எத்தனை மீட்டர்னு அறையில ஒரு டிஸ்பிளேல காட்டும். ஆனா கருவியில தப்பே இல்லைன்னு இன்ஜினியர் சொல்லிட்டார். ஆறு மாசத்துக்கு ஒருதடவை ஆள் வந்து, சரியான அளவோட ஒப்பிட்டுப் பார்த்து, காலிபரேஷன் சர்ட்டிபிகேட் கொடுக்கறாராம்."

மூன்று சர்ட்டிபிகேட்டுகள் ஃபைலில் இருந்தன. மேடம் அவற்றை ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து ஜன்னல் வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தார். ஒரு நிமிஷம் கழித்துக் கீழே வைத்தார். "கிளம்புங்க. இதைக் கொடுத்த அளவுக்காரரைப் பார்த்துட்டு வருவோம்."

*

அளவுக்காரரின் பட்டறை ஒரு சந்தின் கோடியில் இருந்தது. நீள மேஜை, வட்டமான எடைக்கற்கள் அடுக்கிய ஒரு எண்ணெய்க் கருவி, சுவர் முழுக்க மீட்டர்கள். ஞாயிற்றுக்கிழமையும் தனியாக உட்கார்ந்து ஒரு மீட்டரின் முள்ளை ஊதிக்கொண்டிருந்தார். ஐம்பது வயது, ஒரு முழங்காலில் பெல்ட்.

விஷயத்தைச் சொன்னதும் முகம் இறுகியது. "நான் பார்த்துக் கொடுத்த கருவி மேடம். எடைக்கல்லை வெச்சு அழுத்தம் கொடுப்பேன், கருவி என்ன சொல்லுதுன்னு பார்ப்பேன். பூஜ்யத்துல பூஜ்யம் காட்டணும், நாலு மீட்டர்ல நாலு காட்டணும். ஏறும்போதும் அதேதான், இறங்கும்போதும் அதேதான். துளி வித்தியாசம் கிடையாது."

"கடைசியா எப்ப போனீங்க?"

"சர்ட்டிபிகேட்லயே தேதி இருக்கே."

"ஆமா, இருக்கு. அன்னிக்குப் படி ஏறினது சிரமமா இருந்திருக்குமே. இருநூத்திப் பதினாறு படி."

"வெயில்ல கொஞ்சம் மூச்சு வாங்குச்சு. அவ்வளவுதான்."

மேடம் என்னைப் பார்த்தார். கடைசி சர்ட்டிபிகேட் தேதி எங்கள் ஐந்து தேதிகளில் ஒன்று, அந்தப் பேப்பரை நான் மேஜையில் விரித்தேன். முதல் பக்கத்திலேயே இடுப்பளவு வெள்ளத்தில் ஒருவர் சைக்கிளைத் தலையில் தூக்கிக்கொண்டு போகிறார்.

"நல்ல வெயில்தான்," என்றேன். "பாவம், சைக்கிளுக்குக் கூட வேர்க்குது பாருங்க."

அளவுக்காரர் பேப்பரையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"மூணு சர்ட்டிபிகேட்லயும் அன்றைய காற்றழுத்தம்னு ஒரு கட்டம் இருக்கு," என்றார் மேடம். "மூணுலயும் ஆயிரத்துப் பன்னிரண்டு புள்ளி நாலு. புயல் அடிச்ச அன்னிக்கும் அதே ஆயிரத்துப் பன்னிரண்டு புள்ளி நாலு. முதல் தடவைதான் நீங்க நிஜமா போனது. மத்த ரெண்டும் அதைப் பார்த்து எழுதினது."

"முட்டி மேடம்," என்றார் அவர் மெதுவாக. "ஆபரேஷன் பண்ணணும்னு சொல்லிட்டாங்க. ஒரு தடவை போகலை. யாரும் கேக்கலை. அடுத்த தடவையும் போகலை."

"கருவி தப்பாக் காட்டுதுன்னு யாராவது சொன்னாங்களா?"

"பெரியவர் போன் பண்ணார். நாலு தடவை. என்ன தப்புன்னு கேட்டா, நீ வந்து பாரு, டீ போட்டு வெக்கறேன்னுவார். பேச ஆள் இல்லாம கூப்பிடறார்னு நினைச்சேன்." அவர் மகளைப் பார்க்காமல் சொன்னார். "முன்னெல்லாம் போனா சாயங்காலம் வரைக்கும் விடமாட்டார்."

மகள் எழுந்து வாசல் பக்கம் போய் நின்றுகொண்டாள்.

"காத்தழுத்தம் குறைஞ்சா இந்தக் கருவி ஏமாறுமா?" மேடம் கேட்டார்.

"ஏமாறாது. அதுக்குத்தான் கேபிளுக்குள்ள ஒரு மெல்லிய குழாய் இருக்கு. வெளியில திறந்திருக்கும். தண்ணிக்கு மேல காத்தும் சேர்ந்து அழுத்துதில்ல, அந்தக் காத்தைக் குழாய் வழியா எடுத்துக் கழிச்சுடும். மூச்சு விடற மாதிரின்னு வெச்சுக்கங்க. இன்னிக்குக் காத்து எவ்வளவோ, அதுதான் அதுக்கு இன்னிக்குப் பூஜ்யம்."

"குழாய் அடைச்சுக்கிட்டா?"

அளவுக்காரர் வாயைத் திறந்தார். மூடினார். மறுபடி திறந்தார்.

"அடைச்ச அன்னிக்கு இருந்த காத்தே உள்ள மாட்டிக்கும். அந்தப் பழைய நாளையே பூஜ்யமா வெச்சுக்கிட்டு எல்லாத்தையும் அளக்கும். வெளியில தாழ்வு வந்தா தண்ணி குறைஞ்சதாக் காட்டும். மழை விட்டா மறுபடி ஏறும்." அவர் பைக்குள் ஸ்பேனர்களை அள்ளிப் போட ஆரம்பித்தார். "ஐயோ, அந்த மனுஷன் ஒரு சொட்டுத் தண்ணி எடுக்கலை மேடம்!"

மகள் திரும்பினாள். இரண்டு நாளாகத் தூங்காத முகத்தில் முதல்முறையாக ரத்தம் ஓடியது.

மேடம் வானத்தைப் பார்த்தார். காலையிலிருந்தே மூட்டமாக இருந்தது. "இன்னிக்கும் தாழ்வுதான். முட்டியைக் கட்டிக்கங்க, ஏறலாம்."

*

இருநூற்றுப் பதினாறு படி. அளவுக்காரர் பத்துப் படிக்கு ஒருமுறை நின்றார். நான் எட்டுப் படிக்கு ஒருமுறை நின்று, அவருக்காக நிற்பதாகச் சொல்லிக்கொண்டேன். கடைசியாக எப்போது வந்தாய் என்று மகளை யாரும் கேட்கவில்லை. அவளாகவே சொன்னாள். "பதினாலு மாசம். ஷிப்டு மாறி மாறி வரும். நாளைக்குப் போலாம், நாளைக்குப் போலாம்னே..."

மேலே ஒரு வட்டத் தொட்டி, கான்கிரீட் மூடி, அதன் அருகே ஒற்றை அறை. காவல்காரர் வாசலில் நின்றிருந்தார். வெளுத்த சட்டை, சவரம் செய்த முகம். மகளைப் பார்த்ததும் ஒரு அடி முன்னால் வைத்தார், பிறகு அளவுக்காரரைப் பார்த்து நின்றுவிட்டார்.

"வந்துட்டியா?" என்றார். யாரைக் கேட்டார் என்று தெரியவில்லை.

அறைக்குள் ஒரு கட்டில், ஒரு ஸ்டவ், இரண்டு நாற்காலி. இரண்டாவது நாற்காலியில் தூசியே இல்லை. அலமாரியில் ஆறு டீ கிளாஸ்கள் துடைத்துக் கவிழ்த்திருந்தன. ஒற்றை ஆளுக்கு எதற்கு ஆறு கிளாஸ் என்று யோசித்தேன். வீட்டில் எனக்கு இரண்டு கிளாஸ் இருக்கின்றன. ஒன்றுதான் புழங்குகிறது.

டிஸ்பிளேயில் மூன்று மீட்டர் அறுபத்தெட்டு என்று காட்டியது. மேடம் அதைப் பார்க்கவில்லை. ஆணியில் தொங்கிய ஒரு கயிற்றைத் தொட்டுப் பார்த்துக்கொண்டிருந்தார். நுனியில் ஈயக்குண்டு, இடையிடையே முடிச்சுகள்.

"பெரியவரே, கயிறு ஈரமா இருக்கே."

"மழைம்மா."

"மழைன்னா முழுசும் நனையும். இது குண்டுலேருந்து பாதி வரைக்கும்தான் நனைஞ்சிருக்கு."

மேடம் கையை நீட்டினார். அவர் தலையணைக்கு அடியிலிருந்து ஒரு பள்ளிக்கூட நோட்டை எடுத்துக் கொடுத்தார். ஏழு மாதமாகத் தினமும் கயிறு விட்டு அளந்து எழுதிய கணக்கு. அந்த ஐந்து தேதியிலும் ஒரு விரற்கடை கூடத் தண்ணீர் குறையவில்லை. இன்றைய தேதியில் மூன்று மீட்டர் தொண்ணூற்றிரண்டு.

"அப்பா!" மகள் கத்தியே விட்டாள். "இதைக் காட்டியிருந்தா அன்னிக்கே முடிஞ்சிருக்குமே! ஏம்ப்பா காட்டலை?"

அப்போது வெளிச்சுவரில் இருந்த பெட்டியைத் திறந்து பார்த்த அளவுக்காரர் குரல் கொடுத்தார். எல்லோரும் போனோம். கேபிளின் முனையில், குண்டூசித் தலை அளவு ஓட்டையில், சீவிய தீக்குச்சித் துண்டு ஒன்று செருகியிருந்தது. மேலே மெழுகு.

"தானா அடைச்சுக்கலை மேடம். யாரோ வேணும்னே செஞ்சிருக்காங்க."

"யாரு?" மகள் கோபமாகச் சுற்றிலும் பார்த்தாள். "அப்பாவைப் பிடிக்காதவங்க யாரு இங்க?"

"பிடிக்காதவங்கதான் கெடுக்கணும்னு இல்லைம்மா," என்றார் மேடம். "ஒரு பொருள் கெட்டாத்தான் ஒரு ஆள் வரும்னா, பொருளைக் கெடுக்கறவங்க உண்டு. எனக்கு ஒரு கேஸ் தெரியும்."

என்னைப் பார்க்காமல்தான் சொன்னார். இருந்தாலும் என் கை தானாகச் சட்டைப்பையைப் பொத்திக்கொண்டது.

காவல்காரர் ஈரச் சுவரில் சாய்ந்துகொண்டார்.

"இந்த ஓட்டையை மட்டும் அடைச்சுடாதீங்க, அடைச்சா கருவிக்குக் கிறுக்குப் பிடிக்கும், நான் ஓடி வரணும்னு இவர்தான் ஒருதடவை சொன்னார்," என்றார். "அடைச்சேன். அன்னிக்கு ஒண்ணும் ஆகலை. பொய் சொல்லிட்டார்னு நினைச்சேன். மழை வந்தப்பதான் குறைஞ்சுது. போன் பண்ணேன். வரலை."

"அப்பவே எடுத்திருக்கலாமே?" என்றேன்.

"எடுத்தா சரியாயிடும் சார். சரியாயிட்டா யார் வருவா?"

"திருட்டுப் பட்டம் கட்டினாங்களே, அப்பவாவது?"

"விசாரணைக்கு வந்தாங்க. வாரத்துக்கு ரெண்டு பேர், மூணு பேர். கீழ கடையில கிளாஸ் வாங்கிட்டு வந்தேன். டீ போட்டுக் கொடுத்தேன். உக்காந்து பேசினாங்க."

"உங்களைத் திருடன்னுதானே பேசினாங்க?"

"பேசினாங்கல்ல," என்றார் அவர்.

மழை கான்கிரீட்டில் விழும் சத்தம் மட்டும் கேட்டது. எனக்கு அழுகை வந்தது. அதை மறைக்க ஒரு ஜோக் தேடினேன், கிடைக்கவில்லை.

"எனக்கு ஒரு போன் பண்ணியிருக்கலாமே அப்பா," என்றாள் மகள்.

"பண்ணா, என்ன விஷயம்ப்பான்னு கேப்பே. விஷயம் ஒண்ணும் இல்லையேம்மா."

மகள் அவர் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு பெட்டியருகே போய், நகத்தால் மெழுகைச் சுரண்டி, தீக்குச்சியைப் பிடுங்கினாள். நாங்கள் அறைக்குள் ஓடினோம். டிஸ்பிளேயில் எண்கள் நகர்ந்தன. எழுபத்தைந்து, எண்பத்து நான்கு, தொண்ணூறு. மூன்று மீட்டர் தொண்ணூற்றிரண்டில் வந்து நின்றது. திருடு போன தண்ணீர் மொத்தமும் ஐந்து விநாடியில் வீடு திரும்பிவிட்டது.

அளவுக்காரர் தரையிலேயே உட்கார்ந்து, இந்தத் தடவை நிஜமான சர்ட்டிபிகேட் எழுதினார். காற்றழுத்தம் என்ற கட்டத்தில் தொள்ளாயிரத்து எண்பத்தெட்டு. முந்தைய இரண்டுக்கும் தான் வரவில்லை என்பதையும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். காரணம் என்ற இடத்தில் பேனா நின்றது.

"யார் அடைச்சதுன்னு எழுதணுமா மேடம்?"

"கருவி என்ன சொல்லுதோ அதை மட்டும் எழுதுங்க. மூச்சுக்குழாயில அடைப்பு இருந்தது. எடுக்கப்பட்டது."

"நாளைக்கு இன்ஜினியர் துருவிக் கேட்டா?"

"நீங்க வந்திருந்தா அன்னிக்கே தெரிஞ்சிருக்கும்னு ஒத்துக்கங்க. அதுக்கு மேல அவர் கேக்கமாட்டார். நான் கயிறு நோட்டைக் கொண்டுபோய் அவர் மேஜையில வெக்கறேன்."

"நீங்களும் லேசுப்பட்ட அழுத்தக்காரி இல்லை மேடம்," என்றேன். மேலே ஏறிய பிறகு எனக்கு வாய்த்த ஒரே ஜோக் அதுதான்.

*

மகள் மேலேயே தங்கிவிட்டாள். ஸ்டவ்வைப் பற்ற வைத்துக்கொண்டிருந்தாள். அளவுக்காரருக்கும் சேர்த்து மூன்று கிளாஸ் எடுத்து வைத்ததைப் பார்த்துவிட்டுத்தான் நாங்கள் கிளம்பினோம். நானும் மேடமும் மட்டும் ஒரே குடையில் இறங்கினோம்.

நூறாவது படியில் மேடம் நின்றார். "சட்டைப்பையில என்ன சாவி?"

"குப்பை மேடம்."

"காட்டுங்க."

எடுத்தேன். உள்ளங்கையில் ஒரு தீக்குச்சித் தலை. சனிக்கிழமை சாயங்காலம் ஆபீஸைப் பூட்டும்போது நான் செருகியது, ஞாயிறு காலை நானே வந்து எடுத்தது. ஆறு மாதத்தில் இருபத்தைந்து இருக்கும். முப்பது வருஷம் பூட்டைத் திறந்து சோறு தின்றவன் பூட்டைக் கெடுத்துக்கொண்டிருந்தேன். எந்த ஜோக்கும் உதவிக்கு வரவில்லை.

"எப்ப தெரியும் மேடம்?" என்றேன்.

"ரெண்டாவது ஞாயித்துக்கிழமையே."

"பின்ன எதுக்கு இத்தனை நாள் போன் பண்ணீங்க?"

மேடம் கண்ணாடியைக் கழற்றி மழைத்துளியைத் துடைத்தார். கண்ணாடி இல்லாமல் அந்த முகத்தை நான் அதுவரை பார்த்ததில்லை. அதிலும் என்னைப் போல ஒரு ஆள்தான் இருந்தார்.

"மாடியில எனக்கு மட்டும் யார் இருக்கா?" என்றார். அப்புறம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு, பழைய அதிகாரக் குரலில் சொன்னார். "அடுத்த வாரம் பூட்டு நல்லாத்தான் இருக்கும். இருந்தாலும் வாங்க."

அடுத்து வந்த சனிக்கிழமை ஆபீஸைப் பூட்டினேன். சாவியை எடுத்துக்கொண்டேன். வேறெதுவும் செய்யவில்லை.

ஞாயிறு காலை போன் அடிக்கவில்லை. அடிக்குமா என்று பார்க்க நான் வீட்டில் இல்லை, முதல் பஸ்ஸிலேயே ஏறிவிட்டேன்.